ஓப்பரேட்டர் வீடு – 14: இடது ஸ்பீக்கர்

வெள்ளை வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணி. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், உருண்டோடிய தோட்டின் திருகாணியை எடுக்கக் குனிந்த விஷ்ணுப்ரியா, அம்ப்ளிஃபையரின் பின்பக்கம் அதைப் பார்த்தாள். சிவப்பு வயர் தன் துளையில் ஒழுங்காக இருந்தது. வெள்ளை வயர் சுவரோரம் தூசியில் கிடந்தது. சிவப்பு வலது ஸ்பீக்கருக்கு, வெள்ளை இடது ஸ்பீக்கருக்கு. நேற்று சாயந்திரம் இரண்டையும் சொருகிவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அப்படியானால் நேற்று முழுக்க இடது ஸ்பீக்கரில் சத்தமே வந்திருக்காது.

அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. வாரம் முழுக்கப் பணக்காரப் பகுதிகளான பங்சாரிலும் டாமன்சாராவிலும் பெரிய பெரிய வீடுகளில் அவள் செய்வது, ஸ்பீக்கர் செட் மாட்டிக் கொடுக்கும் இதே வேலைதான். அந்த வீட்டுக்காரர்கள் அவள் செருப்பைப் பார்த்துவிட்டு, "படிச்சிருக்கியா?" என்று கேட்பார்கள். நான்கு வருஷம் நெட்வொர்க் படித்து, குடும்பத்திலேயே முதல் பட்டம் வாங்கியவள் என்று அவள் சொல்லமாட்டாள். வேலையை முடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவாள். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டில் ஒரு வயரை மறந்திருக்கிறாள்.

நேற்று அவள் கொண்டுவந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. நெட்வொர்க் கன்வெர்ட்டர் என்று பெயர். வீட்டு இன்டர்நெட்டிலிருந்து பாட்டை வாங்கி, பழைய அம்ப்ளிஃபையருக்குப் புரிகிற ஒலியாக மாற்றிக் கொடுக்கும். யாரோ ஒரு வாடிக்கையாளர் புதுசு வாங்கிக்கொண்டு, பழசைக் கடையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். சீடி பிளேயர் கெட்டுப்போய் மூன்று வருஷமாகச் சும்மா கிடந்த செட்டுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று அப்பா கேட்டது போன வாரம். அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. கேட்டபோது, ஹெட்போன் மாட்ட அதில் இடம் இருக்குமா என்றும் சேர்த்துக் கேட்டார். அதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெட்கம் அடங்கிய பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது.

நேற்று பாட்டு வந்ததும் அவள் குளிக்கப் போய்விட்டாள். அப்பா இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வந்து எப்படி என்று கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் கணீர்னு இருக்குலா" என்றார்.

அப்பா கன்னையா சொன்னார் அதை. கோயில் திருவிழாவில் தெருமுனையில் நின்றபடியே, ஒரு குழாய் ஸ்பீக்கரில் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து மைக்செட்காரரை ஏணியில் ஏற வைத்த கன்னையா. கிள்ளான் கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்துபோய், கிழிந்த ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வந்து மறுபடி இலையில் உட்கார்ந்த கன்னையா.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டேக்கர் ஓட்டுகிறார். நாற்பதடிப் பெட்டியைத் தூக்கி ஐந்தடுக்கு அடுக்குகிற இயந்திரம். பண்டமாரானில் அவர்கள் தெருவில் யாரிடம் கேட்டாலும் இது 'ஓப்பரேட்டர் வீடு'. போன வருஷம் பாதிப் பேரைச் சோதித்த காதுப் பரிசோதனை வண்டி, வருகிற திங்கட்கிழமை அப்பா உள்பட மிச்சப் பேருக்காக யார்டுக்கு வருகிறது. தேறாதவரை ஸ்டேக்கரில் ஏற்றமாட்டார்கள். அதே யார்டில் ஸ்டேக்கர் ஓட்டி, போன வருஷம் தேறாமல் போன அடுத்த தெருத் தனலெட்சுமியின் வீட்டுக்காரர், இப்போது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் கார்களுக்குக் கேட் திறந்துவிடுகிறார். இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

சமையலறையில் அம்மா சீதாலெட்சுமி சம்பல் கிளறிக்கொண்டிருந்தாள். விஷ்ணுப்ரியா வயர் விஷயத்தைச் சொன்னாள்.

கரண்டி நின்றது. ஒரு நொடிதான். வயரைச் சொருகிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போ என்றாள் அம்மா. இதைப் போய் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே என்றும் சொன்னாள்.

அப்பாவிடம் கேட்கப்போகிறேன் என்று விஷ்ணுப்ரியா சொல்லவே இல்லை.

அதனால் அவள் வயரைச் சொருகவில்லை.

அப்பா பாசாரிலிருந்து மீனோடு வந்தார். கையோடு அவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு பழைய பாட்டைப் போட்டாள். வலது ஸ்பீக்கர் மட்டும் பாடியது. இடது ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தாலும் ஒன்றும் இல்லை.

"ப்பா, ரெண்டு பக்கமும் ஒரே அளவா வருதா? இல்ல, ஒரு பக்கம் கம்மியா இருக்கா?"

கன்னையா ஸ்பீக்கர்களைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா மீன் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. நீ மாட்டினது தப்பாவா இருக்கும்?"

அப்பா அவளைப் பாராட்டிப் பேசுகிறவர் இல்லை. பட்டமளிப்பு விழாவில்கூட, அந்த அங்கி வெயிலுக்கு ஆகாது என்றுதான் சொன்னார். அவள் குனிந்து வெள்ளை வயரைச் சொருகினாள். அறை திடீரென்று அகலமானது போல இடது பக்கமும் பாடத் தொடங்கியது. அப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கொமியூட்டர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அவளுக்குக் கோபம் வந்தால் பசிக்கும். சம்பல் ரொட்டியைப் பிரித்துத் தின்றுகொண்டே ஒவ்வொன்றாக யோசித்தாள்.

கடைசியாக அப்பா ஒரு சத்தத்தைக் குறை சொன்னது எப்போது? நினைவில்லை. மூன்று வருஷம் இருக்கும்.

தொலைக்காட்சியில் தமிழ்ப் படம் ஓடும்போது அவர் மலாய் சப்டைட்டிலைத்தான் படிப்பார். மலாய் நல்லா வரணும் என்பார். பிறந்ததிலிருந்து மலாய் பேசுகிற மனிதருக்கு இனிமேல் என்ன வரணும் என்று இவள் கேலிகூடச் செய்திருக்கிறாள். நகைச்சுவைக் காட்சியில் நடிகர் வாயைத் திறந்து முடிப்பதற்குள் அப்பா சிரித்துவிடுவார். எழுத்து வசனத்துக்கு முன்னால் வந்துவிடுகிறதே. வீட்டில் எல்லோரும் அதையும் ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள்.

காரில் அம்மா இப்போதெல்லாம் முன் சீட்டில் உட்காருவதில்லை. பின்னால் உட்கார்ந்து, அப்பாவின் வலது தோளுக்குப் பக்கம் தலையை நீட்டிப் பேசுவாள். பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று காரணம் சொன்னாள்.

வாசலில் யார் கூப்பிட்டாலும் அம்மாதான் முதலில் எழுந்து போவாள். அப்பாவின் போன் அடித்தாலும் அவள்தான் எடுப்பாள்.

மிச்ச ரொட்டியை மடித்துப் பையில் வைத்தாள். மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு பேர் சேர்ந்து நடத்தியதைத் தான் பார்க்கவே இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஊரான் வீட்டு ஸ்பீக்கரில் ஒரு சிறு இரைச்சல் இருந்தால் அரை மணி நேரம் தேடுகிறவள் அவள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேல்மாடியில், அவள் வேலை செய்யும் கமலநாதனின் ஆடியோ கடை. சனிக்கிழமை பாதி நாள்தான். பழுதுக்கு வந்திருந்த ஒரு செட்டைச் சோதிக்க விஷ்ணுப்ரியா தன் போனில் பாட்டு ஆப்பைத் திறந்தாள். வீட்டுக் கன்வெர்ட்டரையும் அம்மாவின் போனையும் நேற்று இதே கணக்கில்தான் இணைத்திருந்தாள். வீட்டில் இப்போது என்ன ஓடுகிறது என்பது மேலேயே தெரிந்தது.

பாட்டு இல்லை. 'டெஸ்ட் டோன், 4000 ஹெர்ட்ஸ்.'

பட்டியலைக் கீழே இழுத்தாள். எட்டேகால் மணியிலிருந்து ஓடியதெல்லாம் இருந்தது. ஆயிரம் ஹெர்ட்ஸ் இரண்டு தடவை. மூவாயிரம் ஐந்து தடவை. நாலாயிரம் முப்பத்தொரு தடவை. வெறும் பீப் சத்தம், மீண்டும் மீண்டும்.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த கமலநாதன், யார் வீட்டில் என்று கேட்டார். ஒரு கஸ்டமர் என்று அவள் பொய் சொன்னாள்.

"செட்டை டெஸ்ட் பண்றவன் எல்லா நம்பரையும் போடுவான்மா. நாலாயிரத்தையே புடிச்சிக்கிட்டுத் தொங்கமாட்டான்," என்றார் அவர். "இது காதுக்குப் போடறது. ஃபேக்டரி, யார்டு ஆளுங்களுக்கு முதல்ல போறதே அந்த நாலாயிரம்தான்."

ஒரு காது மட்டும் போனால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"சத்தம் கேக்கும். எந்தப் பக்கமிருந்து வருதுன்னுதான் தெரியாது." அவர் ஸ்குரூ டிரைவரால் தன் இரண்டு காதையும் தொட்டுக் காட்டினார். "திசைக்கு ரெண்டும் வேணும்."

அவள் ஸ்டேக்கரின் கண்ணாடிக் கூண்டை நினைத்தாள். சின்ன வயதில் ஒருமுறை அப்பா அவளை அதில் ஏற்றிக் காட்டியிருக்கிறார். மேலே இருந்து பார்த்தால் கீழே நடக்கிற ஆட்கள் ஹெல்மெட்டுகளாக மட்டும் தெரிந்தார்கள்.

தலைவலி என்று சொல்லிவிட்டுப் பதினொன்றரை மணிக்கே இறங்கிவிட்டாள்.

பண்டமாரான் வந்து சேரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. கேட்டைச் சத்தமில்லாமல் திறந்தாள். கதவு திறந்தே கிடந்தது. காற்றாடி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, உள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது.

டக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டக். டக்.

அப்பா வாசலுக்குத் தன் இடது பக்கத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தலையில் அவள் கடையிலிருந்து கொண்டுவந்த ஹெட்போன். அதன் வயர் கன்வெர்ட்டரின் முன்பக்கம் போனது. கண்கள் மூடியிருந்தன. கையில் செத்துப்போன சீடி பிளேயரின் ரிமோட். கட்டைவிரல் அதன் பட்டனை அமுக்கும்போதெல்லாம் டக் என்றது. சோதனை வண்டிக்குள்ளும் இதேதான். ஹெட்போனில் பீப் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும்.

தரையில் அம்மா, போனை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பீப்பாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய யார்டு பாஸின் பின்பக்கத்தில் பேனாவால் பெரிதாக எழுதிய சீட்டு. கதவு நிலையில் நின்றபடியே விஷ்ணுப்ரியாவால் படிக்க முடிந்தது. 'வலது: மூணு எண்ணி அமுக்கு. அஞ்சு எண்ணி அமுக்கு. ரெண்டு எண்ணி ரெண்டு தடவ. இடது: நாலு எண்ணி அமுக்கு. மறுபடி முதல்ல இருந்து.'

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள், அங்கேயே நிற்கச் சொல்வது போல.

விஷ்ணுப்ரியா தன் போனை எடுத்தாள். வீட்டுக்குள் வந்துவிட்டதால் கன்வெர்ட்டர் அவள் கைக்கும் கட்டுப்படும். ஒலியைக் குறைத்தாள். பெட்டியின் சின்னத் திரையில் எண் இறங்கியது. நாற்பது. இருபது. பூஜ்யம்.

டக்.

அப்பா மூச்சை இழுத்து விட்டார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

டக். டக்.

அம்மா திரையைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கட்டைவிரலைப் பார்த்தாள். மடியிலிருந்த போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். இப்போது யாரும் எதையும் போடவில்லை.

டக்.

விஷ்ணுப்ரியா எண்ணினாள். ஒன்பது தடவை. ஒன்பதும் சீட்டில் எழுதியிருந்த கணக்குப்படி, ஒரு பிசகும் இல்லாமல். அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. அவர் முன்னால் போய் நின்றாள்.

கன்னையா கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். திரையில் இருந்த பூஜ்யத்தைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்ப நிறுத்தின?"

"ஒம்பது தடவைக்கு முன்னால."

அவர் ரிமோட்டை நாற்காலிக் கையில் மெதுவாக வைத்தார், அது ஏதோ உடைந்துவிடக்கூடிய சாமான் மாதிரி.

சோதனை மெஷின் ஒரே கணக்கில் பீப் போடாது, ஒவ்வோர் ஆளுக்கும் இடைவெளியை மாற்றும், சும்மா இருக்கும்போது அமுக்கினால் அதையும் பதிந்துகொள்ளும் என்று அவள் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. ஓப்பரேட்டர்கள் எல்லாம் இந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் தயார் ஆகிறார்கள் என்றார் அப்பா.

"இத எழுதினது யாரு?"

அப்பா சீட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"தனலெட்சுமி வீட்டுக்காரரு."

விஷ்ணுப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. தேறாமல் போனவர் எழுதிக் கொடுத்த விடைத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அம்மாவும் சிரிக்கவில்லை.

பிறகு துண்டு துண்டாக வெளியே வந்தது. ஸ்டேக்கரின் ஏர்கோன் கெட்டுப்போன வருஷம். கூண்டுக்குள் அடுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இடது பக்கக் கதவைத் திறந்து கட்டிவைத்துவிட்டு ஓட்டினார். எஞ்சின் இரைச்சல் முழுக்க அந்தப் பக்கம்தான். மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். பாகம் வருகிறது என்றார்கள். இரண்டு வருஷம் வந்துகொண்டே இருந்தது. காதில் அடைத்துக்கொள்ள பஞ்சுக் கட்டை கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அதை அடைத்துக்கொண்டால் வாக்கி டாக்கி கேட்காது. வாக்கி டாக்கி கேட்காவிட்டால் சூப்பர்வைசர் கத்துவான்.

அம்மாவுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அப்போது விஷ்ணுப்ரியாவுக்குக் கடைசி வருஷப் பரீட்சை. அவளிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பிறகு சொல்வதற்கு ஒரு நாள் வரவே இல்லை.

"சரி. இப்ப சட்டத்துப்படி போவோம்," என்றாள் விஷ்ணுப்ரியா. காது போனது வேலையால் என்றால் தொழிலாளர் காப்புறுதி நிதியான சொக்சோவில் இழப்பீடு கேட்கலாம். இரைச்சல் இல்லாத வேலைக்கு மாற்றச் சொல்லலாம். அவளே எல்லா விண்ணப்பப் பாரத்தையும் நிரப்புவாள். அதற்கு முதலில் திங்கட்கிழமை அவர் நேர்மையாகப் பட்டனை அமுக்க வேண்டும்.

"உனக்குச் சட்டம் தெரியும். எனக்கு யார்டு தெரியும்," என்றார் கன்னையா. "மாத்துவானுங்க. ஆறு மாசம் கூட்டிப் பெருக்க விடுவானுங்க. அப்புறம் கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சும்பானுங்க. இருபத்திரண்டு வருஷம் மேல உக்காந்துட்டு, நான் போய்க் காருக்குக் கேட் தொறக்கணுமா?"

"அப்ப யாரையாவது நசுக்கிட்டு வாங்க."

"விஷ்ணு," என்றாள் அம்மா.

அப்பா கோபப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவர் தன் கால்விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அப்படித்தான் ஆகப் பாத்துச்சு," என்றார்.

மூன்று வாரத்துக்கு முன்னால். மழை விட்ட நேரம். சந்திரகலா பெட்டிகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு வரிசைக்குள் நடந்திருக்கிறாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், யார்டில் செக்கர். தீபாவளிக்கு முறுக்குச் சுற்ற இந்த வீட்டுக்கு வருகிறவள். அப்பா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பினார். "அண்ணே" என்று அவள் போட்ட சத்தம் அவருக்குக் கேட்டது. கேட்டதும் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அதனால் தொடர்ந்து திருப்பினார்.

அவள் இடது பக்கம் நின்றிருந்தாள்.

"பெட்டி மூலை பட்டு ஹெல்மெட் விழுந்துச்சு. அவ விழல." கன்னையா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இவ்ளோதான் இருந்துச்சு நடுவுல."

சந்திரகலா யாரிடமும் சொல்லவில்லை. ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து அவர் ஸ்டேக்கர் இருக்கும் வரிசைக்குள் அவள் வருவதில்லை. தூரத்தில் நின்றே எண்ணைப் படிக்கப் பார்க்கிறாள்.

விஷ்ணுப்ரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், இது அம்மாவுக்கும் தெரியாது என்று புரிந்தது.

சீதாலெட்சுமி தரையிலிருந்து எழுந்தாள். அந்தச் சீட்டை எடுத்து நான்காக மடித்தாள். கிழிக்கவில்லை. அப்பாவின் வலது பக்கம் வந்து நின்று, சத்தம் போடாமல் பேசினாள்.

"வீட்ல உங்களுக்குக் காதா நான் இருந்தேன். அங்க யாருங்க இருக்கா?"

கன்னையா மடியிலிருந்த ஹெட்போனின் வயரை விரலில் சுற்றினார்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா, காலையில இருந்து உக்காந்து இதப் போட்டுக் குடுத்திருப்பேனா?" அவள் சீட்டை நாற்காலிக் கையில், ரிமோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

யாரும் யாரையும் பார்க்காத அந்த நேரத்தில், விஷ்ணுப்ரியாவின் கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. போனில் கன்வெர்ட்டரின் அமைப்புகளைத் திறந்தாள். பாட்டைப் பதியும்போது சில வாத்தியங்களை இடது பக்கமும் சிலவற்றை வலது பக்கமும் பிரித்து வைப்பார்கள். ஹெட்போன் மாட்டினால் இடது பக்கத்து வாத்தியம் இடது காதுக்குத்தான் போகும். அப்பாவைப் பொறுத்தவரை அது எங்கேயும் போகாது. இரண்டையும் கலந்து இரண்டு பக்கமும் ஒன்றாகவே அனுப்ப ஒரு வழி இருந்தது. அதை அமுக்கினாள். காலையில் போட்ட அதே பழைய பாட்டைப் போட்டு, ஒலியைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றினாள். ஹெட்போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

வாங்கத் தயங்கினார். பிறகு மாட்டிக்கொண்டார்.

முதலில் ஒன்றும் இல்லை. பாதிப் பல்லவியில் அவர் புருவம் மேலே போனது. தலையைக் கொஞ்சம் சாய்த்தார். வலது கைவிரல்கள் முட்டியைத் தட்டத் தொடங்கின. சீட்டில் எழுதிய கணக்கு இல்லை அது.

"தபேலா," என்றார், ஹெட்போன் மாட்டியவர்கள் பேசுகிற உரத்த குரலில். "இந்தப் பாட்டுல தபேலா இல்லன்னே முடிவு பண்ணிட்டேன். நம்ம ஞாபகம்தான் தப்புன்னு."

"எப்பவும் இருந்துச்சுப்பா."

பாட்டு முடிந்ததும் அவர் ஹெட்போனைக் கழற்றினார். இன்னொன்று போடு என்பார் என்று நினைத்தாள். அவர் கேட்கவில்லை. அவள் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட அவளுக்கு வராது.

"இது பாட்டுக்குத்தான். யார்டுல இப்படிக் கலந்து விடறதுக்குப் பட்டன் இல்ல."

கன்னையா தலையாட்டினார். ஆமாம் என்றா, போதும் என்றா, தெரியவில்லை.

"அண்ணே."

கேட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் குரல். மெல்லிய குரல்தான். வாசல் அப்பாவின் இடது பக்கம். அவர் கன்வெர்ட்டரின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷ்ணுப்ரியா அம்மாவைப் பார்த்தாள். இந்த மூன்று வருஷமும் இந்த இடத்தில் அம்மா எழுந்து போயிருப்பாள். இல்லையென்றால் அப்பாவின் தோளைத் தொட்டிருப்பாள், அவர் தானே கேட்டது மாதிரித் திரும்பியிருப்பார். இப்போது அம்மா சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே." குரல் கொஞ்சம் ஏறியது.

விஷ்ணுப்ரியா வாயெடுத்தாள். அம்மா அவளைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். ஒரே ஒரு தடவை.

"கன்னையா அண்ணே."

அவர் எதற்கோ நிமிர்ந்தார். சத்தம் எட்டியிருக்க வேண்டும். வலது பக்கம் திரும்பினார். சமையலறை. அங்கே யாரும் இல்லை. திரும்பி, தன் மனைவியும் மகளும் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அவர்கள் முகத்தில் இருந்ததைப் படித்தார். அந்த மனிதர் மூன்று வருஷமாக எல்லாவற்றையும் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

"எத்தனை தடவ கூப்பிட்டாங்க?"

"மூணு," என்றாள் அம்மா.

அவர் எழுந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். யாரையும் கூட வரச் சொல்லவில்லை. வாசலைத் தாண்டி, வெயிலில் செருப்பில்லாமல் கேட் வரைக்கும் நடந்தார்.

கேட்டுக்கு வெளியே சந்திரகலா நின்றிருந்தாள். யார்டு சட்டையோடு, ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள். ஒரு கையில் ஹெல்மெட். இன்னொரு கையில் ஒட்டிய பழுப்பு உறை. அதன் மேல் யார்டு அலுவலக முத்திரை இருந்தது, வாசலில் நின்ற விஷ்ணுப்ரியாவுக்கே தெரிந்தது. ஹெல்மெட் விழுந்த விஷயம் மேலிடத்துக்குப் போய்விட்டதோ என்று நினைத்தாள். சந்திரகலா வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னவோ சொல்லத் தொடங்கினாள்.

கன்னையா கையைத் தூக்கி நிறுத்தினார். கேட்டைத் திறந்து, தன் வலது பக்கத்தைக் காட்டினார்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுமா," என்றார். தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல். "அந்தக் காது கேக்காது."

சந்திரகலா அவரைப் பார்த்தாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. உறையை ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொண்டு, அவரைச் சுற்றி வந்து வலது பக்கம் நின்றாள்.